கட்சிக்காரருக்கே அரசு வேலை: ‘ஸ்பாய்ல்ஸ்’ முறையும் அதிபர் செஸ்டர் ஆர்தரும்

1870களின் தொடக்கத்தில் அமெரிக்க அதிபரின் ஆண்டுச் சம்பளம் 25,000 டாலர். 1873இல்தான் அதை 50,000 ஆக உயர்த்தினார்கள். அதே நாட்களில் நியூயார்க் துறைமுகத்தின் சுங்கத் தலைமை அதிகாரிக்கு, சம்பளமும் மற்ற வரும்படியும் சேர்த்து, ஆண்டுக்குச் சுமார் 50,000 டாலர் கிடைத்துக்கொண்டிருந்தது. நியமித்த அதிபரைவிட நியமனம் பெற்றவருக்கு வருமானம் அதிகம். அந்த அதிகாரியின் பெயர் செஸ்டர் ஆலன் ஆர்தர். பரீட்சை எழுதியோ, சுங்கத் துறையில் படிப்படியாக உயர்ந்தோ அவர் அந்த நாற்காலிக்கு வரவில்லை. குடியரசுக் கட்சிக்கு நியூயார்க்கில் ஆள் திரட்டிக் கொடுத்தார். கட்சி அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தது.

பத்து வருடம் கழித்து அவரே அதிபர். 1883 ஜனவரி 16 அன்று, தன்னை ஆளாக்கிய அதே முறையை வெட்டும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்த முறைக்கு ‘ஸ்பாய்ல்ஸ் சிஸ்டம்’ என்று பெயர். அமெரிக்க வரலாற்றைப் புதிதாகப் படிப்பவர்கள் இதை ‘ஊழல்’ என்று ஒரே சொல்லில் புரிந்துகொண்டு கடந்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. ஊழல் என்றால் சட்டத்தை மீறி, மறைவாகச் செய்வது. இது வெளிச்சத்தில் நடந்தது. இரண்டு கட்சிகளும் செய்தன, ஐம்பது வருடத்துக்கு மேல் செய்தன. அது எப்படி ஓடியது என்று புரிந்தால்தான் ஆர்தர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

பெயரும் அதன் பின்னால் இருந்த நியாயமும்

‘ஸ்பாய்ல்ஸ்’ என்றால் போரில் தோற்றவனிடமிருந்து வென்றவன் அள்ளிக்கொண்டு வரும் பொருள். 1832இல் நியூயார்க் செனட்டர் வில்லியம் மார்சி செனட் சபையில் பேசும்போது, எதிரியிடம் எடுத்த கொள்ளை வென்றவனுக்கே சேரும், அந்த விதியில் தப்பு ஒன்றும் இல்லை என்ற பொருளில் சொன்னார். அரசு வேலைகளைத்தான் அவர் கொள்ளை என்று குறிப்பிட்டார். அந்தச் சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இதைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் 1829இல் அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சன். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டால் நியாயமாகத்தான் படும். அரசு வேலையில் ஒரே ஆட்கள் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தால், அது தங்கள் சொந்தச் சொத்து என்று நினைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வேலைகள் ஒன்றும் பிரமாதமானவை அல்ல, புத்தியுள்ள எந்த மனிதனும் கற்றுக்கொள்ளக்கூடியவைதான். ஆகவே மாற்றி மாற்றி ஆட்களைப் போடுவோம், சாதாரண மக்களும் உள்ளே வரட்டும். பணக்காரக் குடும்பங்களின் பிடியிலிருந்த அலுவலகங்களைப் பார்த்து வெறுத்துப்போயிருந்த மக்களுக்கு இந்தப் பேச்சு பிடித்தது. வஞ்சகத் திட்டமாக அது தொடங்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் ‘மாற்றி மாற்றி ஆட்களைப் போடுவது’ சீக்கிரமே ‘நம்ம ஆட்களைப் போடுவது’ ஆகிவிட்டது. ஜாக்சன் நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாகப் போட்டவர் சாமுவேல் ஸ்வார்ட்வவுட் என்ற அவருடைய ஆதரவாளர். 1838இல் அந்த மனிதர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அப்புறம் கணக்கைப் பார்த்தால் 12 லட்சம் டாலருக்கு மேல் காணவில்லை. பின்னாளில் ஆர்தர் உட்கார்ந்ததும் அதே நாற்காலிதான். (ஆர்தர் கஜானாவில் கை வைத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

சக்கரம் எப்படிச் சுற்றியது

அந்தக் காலத்து அமெரிக்காவில் மத்திய அரசுக்கு வருமான வரி கிடையாது. உள்நாட்டுப் போருக்காகப் போட்ட வரியும் 1872இல் முடிந்துவிட்டது. இறக்குமதிச் சரக்குக்கான சுங்க வரிதான் அரசின் முக்கிய வருமானம். அந்தச் சுங்கத்தில் பெரும்பகுதி நியூயார்க் என்ற ஒரே துறைமுகத்தில் வசூலானது. வால் ஸ்ட்ரீட்டில் தூண்கள் வரிசையாக நிற்கும் பெரிய கட்டடத்தில் சுங்க அலுவலகம் இருந்தது. சரக்கை எடை போடுபவர்கள், பீப்பாயை அளப்பவர்கள், மதிப்புப் போடுபவர்கள், கப்பலில் ஏறிச் சோதிப்பவர்கள், கணக்கு எழுதும் குமாஸ்தாக்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். அத்தனை பேரையும் வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் தலைமை அதிகாரியின் சொல்லே போதும்.

இப்போது அங்கே ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 1,200 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் கட்சியிலிருந்து ஒரு கடிதம் வரும்: சம்பளத்தில் இத்தனை சதவீதம் கட்சிக்கு ‘விருப்ப நன்கொடை’ தரும்படி அன்புடன் வேண்டுகிறோம். 3 சதவீதம் என்றால் 36 டாலர். விருப்பம் என்பது கடிதத்தில் மட்டும்தான். தராதவருடைய பெயர் குறித்து வைக்கப்படும், அடுத்த மாதம் அவருடைய இடத்தில் வேறொருவர் இருப்பார். பணத்தோடு முடியாது. தேர்தல் நாளில் வாக்காளர்களைக் கூட்டிவர வேண்டும், கட்சி மாநாட்டில் சொன்ன பக்கம் கை தூக்க வேண்டும், ஊர்வலத்தில் நடக்க வேண்டும்.

ஆக, வேலை கொடுத்தால் கட்சித் தொண்டர் கிடைக்கிறார். தொண்டரின் சம்பளத்திலிருந்து கட்சிக்குப் பணம் கிடைக்கிறது. பணத்தை வைத்துத் தேர்தலில் ஜெயிக்கலாம். ஜெயித்தால் மறுபடியும் கொடுக்க வேலைகள் கையில் இருக்கும். சம்பளம் போடுவது அரசு கஜானா, பலன் கட்சிக்கு. அமெரிக்கர்கள் இதற்கு ‘மெஷின்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் அந்த மெஷினின் முதலாளி செனட்டர் ரோஸ்கோ கான்க்ளிங். உயரமானவர், பேச்சில் வல்லவர், பகையை மறக்காதவர். அவருடைய வலது கைதான் ஆர்தர்.

ஆர்தருக்கு எப்படி 50,000 டாலர் வந்தது? சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டி மாட்டிக்கொள்ளும் வணிகரிடம் அபராதம் வாங்குவார்கள். அதில் பாதி அரசுக்கு. மீதிப் பாதியைத் துப்புக் கொடுத்தவரும் சுங்கத்தின் மேலதிகாரிகளும் பிரித்துக்கொள்வார்கள். இது சட்டப்படியே நடந்தது. 1873இல் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் என்ற உலோக இறக்குமதி நிறுவனம் 2,71,000 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அதில் ஆர்தரின் பங்கு 20,000 டாலருக்கு மேல். குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லை என்று வணிகர்கள் கொதித்தார்கள். அதிகாரிக்கு அபராதத்தில் பங்கு இருந்தால் அவர் தப்பைத் தேடுவாரா, அபராதத்தைத் தேடுவாரா? 1874இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்தைச் சொல்கிறேன்) அந்தப் பங்கை ரத்து செய்தது. ஆர்தரின் வருமானம் 12,000 டாலருக்கு இறங்கியது.

அவர் ஆரம்பத்தில் இப்படி இல்லை

1829 அக்டோபர் 5 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் ஃபேர்ஃபீல்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஆர்தர். அப்பா அயர்லாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் போதகர். அடிமை முறையை எதிர்த்துப் பேசியவர், அதனால் எந்தச் சபையிலும் நீண்ட நாள் நிலைக்க முடியாமல் ஊர் ஊராகக் குடும்பத்தோடு அலைந்தவர். மகன் கல்லூரி முடித்து, சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்து, சட்டம் படித்து நியூயார்க்குக்கு வந்தார்.

1854 ஜூலையில் எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியை தேவாலயத்துக்குப் போகக் குதிரை இழுக்கும் டிராம் வண்டியில் ஏறினார். நடத்துநர் இறங்கச் சொன்னார். அவர் மறுத்தார். போலீஸ்காரரும் சேர்ந்து அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அவருக்காக வழக்கில் வாதாடியவர் அப்போது 25 வயதே ஆகியிருந்த ஆர்தர். 1855இல் தீர்ப்பு ஜென்னிங்ஸுக்குச் சாதகமாக வந்தது. ஜூரி 225 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த வண்டி நிறுவனம் உடனே கறுப்பின மக்களை ஏற்றிக்கொள்ளத் தொடங்கியது. ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் அலபாமாவில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தது இதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1955இல்.

இந்த இளைஞர்தான் பின்னால் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் மெஷினின் நிர்வாகி ஆனார். உள்நாட்டுப் போரில் நியூயார்க் மாநிலப் படைகளுக்குச் சாப்பாடு, துணி, கூடாரம் எல்லாம் ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது, அதைத் திறமையாகச் செய்தார். யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, சத்தம் போடாமல் செய்துகொடுக்கும் சாமர்த்தியம் கட்சிக்குப் பிடித்துப்போனது. 1871இல் அதிபர் கிராண்ட் அவரைச் சுங்க நாற்காலியில் உட்காரவைத்தார். நல்ல விருந்து, நல்ல உடை, நள்ளிரவு தாண்டியும் நண்பர்களோடு அரசியல் பேச்சு என்று வாழ்க்கை ஓடியது. மதியத்துக்கு மேல்தான் அலுவலகம் வருவார் என்று பேர் வாங்கினார். மனைவி எல்லனுக்கு இந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. 1880 ஜனவரியில் அவர் நிமோனியாவில் படுத்தபோது ஆர்தர் ஊரில்கூட இல்லை, மாநிலத் தலைநகரான அல்பனியில் கட்சி வேலையாக இருந்தார். ஓடி வந்தபோது எல்லனுக்கு நினைவில்லை, அப்படியே இறந்துபோனார். அந்த வருத்தம் கடைசி வரை அவரை விடவில்லை.

இதற்கு முன்பே சுங்க வேலை போய்விட்டிருந்தது. 1877இல் அதிபரான ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ், மத்திய அரசு ஊழியர்கள் கட்சி நிர்வாகத்தில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவு போட்டார். நியூயார்க் சுங்க அலுவலகத்தை விசாரிக்கக் குழு அமைத்தார். தேவைக்கு அதிகமான ஆட்கள் இருக்கிறார்கள், பலர் கட்சிச் சிபாரிசில் வந்தவர்கள் என்று குழு சொன்னது. ஆர்தரை மாற்ற ஹேய்ஸ் அனுப்பிய பெயரைக் கான்க்ளிங் செனட்டில் தோற்கடித்தார். சபை கூடாத நேரம் பார்த்து, 1878 ஜூலையில், ஹேய்ஸ் அவரை நீக்கினார். இருவரும் ஒரே கட்சி என்பதைக் கவனியுங்கள். சண்டை கட்சிகளுக்கு நடுவே மட்டும் நடக்கவில்லை.

துணை அதிபர், துப்பாக்கி

1880இல் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு. கான்க்ளிங் அணி கிராண்ட்டை மூன்றாவது முறை அதிபராக்கப் பார்த்தது. எதிர் அணி ஜேம்ஸ் பிளெய்ன் பக்கம். 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒஹாயோக்காரர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் தேர்வானார். தோற்ற அணியைச் சமாதானப்படுத்தத் துணை அதிபர் இடத்தை நியூயார்க்குக்குக் கொடுக்க நினைத்தார்கள். கான்க்ளிங் வேண்டாம் என்று கோபப்பட்டார். ஆர்தர் கேட்கவில்லை. அந்தப் பதவி தன் கனவிலும் நினைக்காத கௌரவம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். முதலாளியின் பேச்சை அவர் மீறியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

தேர்தலில் நாடு முழுவதும் வித்தியாசம் பத்தாயிரம் ஓட்டுகூட இல்லை. நியூயார்க் மாநிலம் கைவிட்டிருந்தால் கார்ஃபீல்ட் தோற்றிருப்பார். ஆர்தரின் மெஷின் அங்கே கட்சிக்கு உழைத்தது.

1881 மார்ச்சில் பதவியேற்ற கார்ஃபீல்டின் நாட்கள் வேலை கேட்டு வந்தவர்களைச் சமாளிப்பதிலேயே போயின. வெள்ளை மாளிகையின் படிக்கட்டு வரை வரிசை நிற்கும். அந்த வரிசையில் சார்லஸ் கிட்டோ என்பவரும் இருந்தார். தேர்தலுக்காகத் தான் எழுதிய ஒரு பேச்சால்தான் கார்ஃபீல்ட் ஜெயித்தார் என்று நம்பினார், அதற்குக் கூலியாகப் பாரிஸ் நகரத்துத் தூதரகப் பதவியைக் கேட்டு அலைந்தார். வெளியுறவு அமைச்சர் பிளெய்ன் பொறுமை இழந்து, இனி அந்தப் பேச்சையே எடுக்காதே என்று விரட்டினார். அதே சமயம் கார்ஃபீல்ட், கான்க்ளிங்கின் விரோதி ஒருவரை நியூயார்க் சுங்க நாற்காலிக்கு நியமித்தார். ஆத்திரத்தில் கான்க்ளிங்கும் இன்னொரு நியூயார்க் செனட்டரும் பதவியைத் தூக்கிப் போட்டார்கள். மாநிலச் சட்டமன்றம் தங்களையே மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்பும் என்பது கணக்கு. அவர்களுக்கு ஆள் பிடிக்கத் துணை அதிபரே அல்பனிக்குப் போய் உட்கார்ந்தார். தன் அதிபருக்கு எதிராக.

ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கிட்டோ கார்ஃபீல்டைச் சுட்டார். பிடித்தபோது, நான் கான்க்ளிங் அணிக்காரன், இனி ஆர்தர்தான் அதிபர் என்று சொன்னார். செய்தி வந்த நேரத்தில் ஆர்தர் கான்க்ளிங்கோடுதான் இருந்தார். நாடு அவரை எப்படிப் பார்த்திருக்கும்! கொலைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கொலைகாரனின் வாயில் அவர் பெயர் இருந்தது.

கார்ஃபீல்ட் 79 நாள் படுக்கையில் கிடந்தார். மருத்துவர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார்கள், சீழ் வைத்தது. தற்காலிகமாகப் பொறுப்பேற்கச் சொல்லி யோசனைகள் வந்தபோது ஆர்தர் மறுத்துவிட்டார். செப்டம்பர் 19 இரவு நியூயார்க் நகரத்தில் லெக்சிங்டன் அவென்யூ 123ஆம் எண் வீட்டுக்குச் செய்தி வந்தது. வாசலில் நின்ற பத்திரிகைக்காரர்களிடம் வேலையாள், ஐயா தனியறையில் மேஜையில் தலை கவிழ்த்துக் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருக்கிறார் என்றார். நண்பர்கள் நீதிபதியைத் தேடி ஓடினார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டேகால் மணி வாக்கில், வீட்டு முன்னறையில், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, சில பேர் முன்னிலையில் பதவியேற்றார்.

அந்தக் கட்டடம் இப்போதும் இருக்கிறது. கலுஸ்தியான்ஸ் என்ற மசாலாப் பொருள் கடை அங்கே நடக்கிறது. பெருங்காயமும் துவரம்பருப்பும் வாங்க நம்மவர்கள் ஏறி இறங்கும் கடை. அதிபர் ஒருவர் அங்கே பதவியேற்றார் என்பது வாங்க வருபவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அன்றிரவு அவர் செய்த இன்னொரு காரியம் அவரைப் பற்றி நிறையச் சொல்கிறது. துணை அதிபர் இடம் காலி. சபை கூடாததால் செனட் தலைவரும் இல்லை, கீழவைச் சபாநாயகரும் இல்லை. வாஷிங்டன் போகும் வழியில் தனக்கு ஏதாவது ஆனால் நாட்டுக்கு அடுத்த ஆள் யார்? செனட்டைக் கூட்டும் ஆணையை எழுதி, வெள்ளை மாளிகைக்குத் தபாலில் அனுப்பினார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் அதைக் கிழித்துப் போட்டார்.

ஒரு கடிதம்

கார்ஃபீல்ட் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஆகஸ்ட் கடைசியில் ஆர்தருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜூலியா சேண்ட் என்ற நியூயார்க் பெண். முப்பது வயதைத் தாண்டியவர், நோயால் வீட்டோடு முடங்கியவர். ஆர்தரை முன்பின் பார்த்ததே இல்லை. கடிதத்தில் முகத்தாட்சண்யமே கிடையாது. நீங்கள் அதிபர் ஆவதை நினைத்து நாடு பயப்படுகிறது என்று நேராகவே எழுதினார். சுட்டவனைத் தூண்டிவிட்டது நீங்கள்தானோ என்று ஆயிரம் பேர் நினைத்தார்களே, அந்த அவமானம் குண்டைவிட ஆழமாகப் பாயவில்லையா என்று கேட்டார். அப்புறம், பெரிய சோதனை வரும்போது மனிதனுக்குள் தூங்கும் நல்ல குணம் விழித்துக்கொள்ளும், உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் இப்போது வெளியே வரட்டும், சீர்திருத்தம் செய்யுங்கள் என்று முடித்தார்.

தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார், மொத்தம் 23 கடிதம். பாராட்டினார், திட்டினார், யோசனை சொன்னார். 1882 ஆகஸ்டில் ஒரு மாலை, சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் அதிபர். ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்.

இந்தக் கடிதங்களால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வேலை கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒன்றுமே கேட்காமல் எழுதிய ஒருத்தியின் கடிதங்களை அவர் படித்தார், பத்திரப்படுத்தினார். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

கான்க்ளிங்கும் வந்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார்: சுங்க நாற்காலியிலிருந்து என் விரோதியைத் தூக்கு. ஆர்தர் மறுத்தார். கார்ஃபீல்ட் உயிர் போகக் காரணமான சண்டையில், செத்தவரின் முடிவை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. அந்த நட்பு அதோடு போயிற்று.

சட்டம் எந்த ஆணியைப் பிடுங்கியது

அரசு வேலைச் சீர்திருத்தத்துக்கான மசோதாவைக் கொண்டுவந்தவர் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் ஒஹாயோ செனட்டர் ஜார்ஜ் பெண்டில்டன். அதை எழுதித் தந்தவர் டோர்மன் ஈட்டன் என்ற வழக்கறிஞர். இவர் முன்பே பிரிட்டனில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் முறையை ஆராய்ந்து வந்தவர். இங்கே நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. பிரிட்டிஷ் சீர்திருத்தத்துக்கு அடிப்படையான 1854 அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர் சார்லஸ் டிரெவெல்யன். 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தவர். இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு 1855இலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவை ஆளப் போகிறவர்களைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்த பிறகுதான் அமெரிக்கா தன் குமாஸ்தாக்களுக்குப் பரீட்சை வைத்தது. (அந்தப் பரீட்சை லண்டனில் மட்டும் நடந்ததும், இந்தியர்களுக்கு அதில் கதவு எவ்வளவு குறுகலாகத் திறந்தது என்பதும் தனியாகப் பேச வேண்டிய விஷயம்.)

காங்கிரஸ் முதலில் அசைந்து கொடுக்கவில்லை. 1882 தேர்தலுக்குக்கூடக் குடியரசுக் கட்சி அரசு ஊழியர்களுக்கு 2 சதவீதம் கேட்டு வழக்கம்போலக் கடிதம் அனுப்பியது. கார்ஃபீல்ட் செத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மக்கள் ஆத்திரம் ஓட்டில் தெரிந்தது, கீழவையைக் கட்சி இழந்தது. 1884இல் அதிபர் பதவியும் போய்விடும்போல இருந்தது. அப்படிப் போனால் எதிர்க்கட்சி வந்து நம் ஆட்களை எல்லாம் தூக்கிவிடுமே என்ற பயம் வந்தது. தூக்க முடியாதபடி ஒரு சட்டம் இருந்தால் நல்லது. நல்லெண்ணமும் சுயநலமும் ஒரே திசையில் திரும்பிய அபூர்வமான நேரம் அது. டிசம்பர் 27 அன்று செனட்டில் 38க்கு 5, ஜனவரி 4 அன்று கீழவையில் 155க்கு 47 என்று மசோதா நிறைவேறியது.

சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் அந்தச் சக்கரத்தோடு வைத்துப் பார்த்தால் அதன் அழகு தெரியும். கட்சி சொல்லி வேலை கொடுப்பதை வெட்டப் போட்டித் தேர்வு வந்தது. நடத்த மூன்று பேர் ஆணையம். அதில் இரண்டு பேருக்கு மேல் ஒரே கட்சியாக இருக்கக் கூடாது. கேள்விகள் வேலைக்குப் பயன்படும் விதத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கல்லூரியிலிருந்து நேராக வரும் பையன்கள்தான் பரீட்சையில் ஜெயிப்பார்கள், அனுபவசாலிகள் வெளியே நிற்பார்கள் என்று 1881 டிசம்பரில் ஆர்தரே சந்தேகம் தெரிவித்திருந்தார். அதற்கு இது ஓரளவு பதில். சம்பளத்தில் பிடித்தம் செய்வதை வெட்ட, அரசு அலுவலகத்துக்குள் கட்சிப் பணம் கேட்பது குற்றமானது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை. நன்கொடை தராததற்காகவோ கட்சி வேலை செய்யாததற்காகவோ ஒருவரை நீக்க முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்த பிரிவு சிபாரிசு பற்றியது: விண்ணப்பதாரரின் நடத்தை, வசிக்கும் இடம் ஆகியவற்றைத் தவிர வேறு எதற்கும் செனட்டரின் சிபாரிசையோ கீழவை உறுப்பினரின் சிபாரிசையோ ஏற்கக் கூடாது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே வேலையில் இருந்தால் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை என்றுகூட எழுதிவைத்தார்கள்.

ஆனால் இது எல்லா வேலைக்கும் பொருந்தவில்லை. வாஷிங்டன் அலுவலகங்களின் குமாஸ்தாக்கள், 50 பேருக்குக் குறையாத சுங்க அலுவலகங்கள், 50 பேருக்குக் குறையாத தபால் நிலையங்கள், அவ்வளவுதான். சுமார் 14,000 வேலைகள், மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. மீதியை எப்போது சேர்ப்பது என்பதை அதிபரின் விருப்பத்துக்கு விட்டார்கள். பலவீனமாகத் தெரிந்த இந்த இடம்தான் பின்னால் பலமாகிவிட்டது. பதவி விட்டுப் போகும் ஒவ்வொரு அதிபரும், தான் போட்ட ஆட்களைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் வேலைகளைச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டுப் போனார்கள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

சட்டம் போட்டுவிட்டுச் செயல்படாமல் விடுவது எந்த நாட்டிலும் எளிது. ஆர்தர் மனம் வைத்திருந்தால் ஆணையத்தில் சீர்திருத்தத்தில் அக்கறை இல்லாத மூன்று பேரைப் போட்டு அதைச் சாகடித்திருக்கலாம். அவர் ஈட்டனையே தலைவராக்கினார். சட்டத்தை எழுதியவரிடமே சாவியைக் கொடுத்தார். இந்த ஒரு நியமனத்துக்காகவே அவரை மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. பெண்டில்டனுக்குக் கிடைத்த பரிசு வேறு. வேலைக்காகக் காத்திருந்த அவருடைய கட்சிக்காரர்கள் கோபத்தில் அவரை மறுபடி செனட்டுக்கு அனுப்பவே இல்லை.

சட்டத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. ஊழியர் சம்பளத்திலிருந்து வந்த பணம் குறையக் குறைய, கட்சிகள் பெரிய கம்பெனிகளிடம் கை நீட்டின.

மற்றவை

ஆர்தருடைய ஆட்சியில் பழைய மரக் கப்பல்களுக்குப் பதில் எஃகுக் கப்பல்கள் கட்டப் பணம் ஒதுக்கினார்கள். நவீன அமெரிக்கக் கடற்படை அங்கே தொடங்குகிறது. தபால் ஒப்பந்த ஊழலில் சொந்தக் கட்சிப் பெரும்புள்ளிகள் மீதே வழக்கு நடத்தினார், ஆனால் முக்கியமானவர்கள் தண்டனை இல்லாமல் தப்பினார்கள். சீனத் தொழிலாளர்கள் 20 வருடம் நாட்டுக்குள் வரக் கூடாது என்ற மசோதாவை நிராகரித்தவர், 10 வருடம் என்று குறைத்துக் கொண்டுவந்ததும் 1882 மேயில் கையெழுத்துப் போட்டார். எலிசபெத் ஜென்னிங்ஸுக்காக வாதாடிய கை அது. இந்த இடத்தில் அவருக்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

1882லேயே அவருக்குச் சிறுநீரக நோய் இருப்பது தெரிந்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. வெள்ளை மாளிகையில் எல்லனின் படத்துக்கு முன்னால் தினமும் புதுப் பூ வைக்கச் சொன்னார். எல்லன் பாடிய தேவாலயத்தில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று வைத்து, தன் அறையிலிருந்து தெரியும்படி இரவில் அங்கே விளக்கு எரியச் சொன்னார். 1884இல் கட்சி பிளெய்னைத் தேர்ந்தெடுத்தது. பழைய மெஷின்காரர்களுக்கு ஆர்தர் துரோகி, சீர்திருத்தக்காரர்களுக்கு இன்னும் பழைய மெஷின்காரர்.

1886 நவம்பர் 18 அன்று, அதே லெக்சிங்டன் அவென்யூ வீட்டில், 57 வயதில் இறந்தார். அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் தன் கடிதங்களையும் காகிதங்களையும் எரிக்கச் சொல்லியிருந்தார். மூன்று பெரிய தொட்டி நிறைய எரித்தார்கள். அவரைப் பற்றி எழுத வந்தவர்களுக்குப் பல பத்தாண்டு காலம் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1958இல் அவருடைய பேரன் வழியாகச் சில காகிதங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஜூலியா சேண்டின் 23 கடிதங்களும் இருந்தன.